மூங்கில் அரிசிக்காக மூங்கில் நடலாமா?

மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் இருக்கிறது, மூங்கில் அரிசிக்கு நல்ல விலை என்கிறார்கள், "அரிசி ரகம்" என்று சொல்லி ஒருவர் நாற்று தருகிறார், நட்டால் எத்தனை வருடத்தில் அறுவடை செய்யலாம், அது சர்க்கரை நோய்க்கு நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பழைய கொத்து இப்போது பூத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேள்விகள் பல இருந்தாலும், நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றைத்தான்: மூங்கிலை ஒரு தானியப் பயிராக நம்பி நிலத்தையும் பணத்தையும் அதில் போடலாமா? போட வேண்டாம். அரிசியை எதிர்பார்த்து மூங்கில் வைத்தால் உங்கள் வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் குருத்துக்காகவும் கழிக்காகவும் வைத்தால் அது நம்பத் தகுந்த பயிர். வனவியல் படித்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் நாற்றங்கால்களிலும் விவசாயிகளின் தோட்டங்களிலும் பல வருடம் மூங்கிலோடு வேலை செய்தவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். மூங்கில் ஒரு புல். நெல், கோதுமை, கரும்பு இருக்கும் அதே குடும்பம். அதனால் அது பூத்தால் தானியம் வைக்கும். அந்தத் தானியத்தைத்தான் மூங்கில் அரிசி என்கிறோம். ஆனால் நெல் சில மாதங்களில் செய்து முடிப்பதை நம் காட்டு மூங்கில் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு செய்கிறது. முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு பக்கம் நீங்கள் பார்க்கும் முள் மூங்கில், தாவரவியலில் பேம்புசா பேம்போஸ், பெரும்பாலான பதிவுகளின்படி சுமார் 40 முதல் 50 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. அதுவரை ஒரு பூகூட இருக்காது. பூக்கும்போது ஒரு கழி மட்டும் பூப்பதில்லை. கொத்தில் உள்ள எல்லாக் கழிகளும் பூக்கும், ஒரே தலைமுறையில் முளைத்த பக்கத்துக் கொத்துகளும் சேர்ந்து பூக்கும். இலை உதிர்ந்து, கழி முழுக்கப் பழுப்புக் கதிராகி, மணி கொட்டி, பிறகு கொத்து வேரோடு செத்துவிடும். உரம் போட்டோ தண்ணீர் விட்டோ அதைக் காப்பாற்ற முடியாது. ஆக, மூங்கில் அரிசி விளைகிறது என்றாலே அந்தத் தோப்பு முடிகிறது என்று பொருள்.

வறண்ட காடுகளில் இருக்கும் கல் மூங்கில் கொஞ்சம் வேறு மாதிரி. காடு முழுக்க ஒன்றாகப் பூப்பதும் உண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனிக் கொத்துகள் இடையிடையே பூப்பதும் உண்டு. அப்படித் தனியாகப் பூக்கும் கொத்துகளில் பெரும்பாலும் மணி சரியாகப் பிடிப்பதில்லை. கதிரைக் கையில் உருவினால் உமிதான் வரும். இதைப் பார்த்துவிட்டுத்தான் சிலர் "வருடா வருடம் பூக்கும் மூங்கில்" என்று பேசுகிறார்கள் என நினைக்கிறேன்.

உங்களுக்கு நாற்று தருகிறவர் சொல்வதை இந்த இடத்தில் நன்றாக யோசித்துப் பாருங்கள். மூங்கிலின் வயது, அதை நீங்கள் நட்ட நாளிலிருந்து தொடங்குவதில்லை. கணுவை வெட்டிப் பதியம் போட்டாலும், கிழங்கோடு பெயர்த்து வைத்தாலும், ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கினாலும், அந்தக் கன்று தாய்க் கொத்தின் வயதைத்தான் சுமந்து வருகிறது. முப்பத்தைந்து வயதுக் கொத்திலிருந்து எடுத்த பதியம் உங்கள் நிலத்தில் வேர் பிடித்து நன்றாக வளர்ந்து வரும் நேரத்தில் தாயோடு சேர்ந்து பூத்துச் சாகக்கூடும். விதையிலிருந்து வந்த நாற்றுக்கு மட்டும்தான் வயது பூஜ்யத்திலிருந்து தொடங்கும்; அதற்குப் பூ வர உங்கள் பேரப்பிள்ளைகள் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் அரிசி தரும் ரகம் என்று ஒன்று மூங்கிலில் கிடையாது. போதாக்குறைக்கு, தோட்டங்களுக்கு இப்போது அதிகம் விற்கப்படும் முள்ளில்லாத பால்கூவா மூங்கில் பூத்தாலும் விதை வைப்பதில்லை. அழகுக்கு வைக்கும் மஞ்சள் மூங்கிலும் அப்படித்தான். இந்த இரண்டில் ஒன்றை "அரிசி ரகம்" என்று கொடுத்தால் ஒரு மணிகூட வராது. எனவே அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்த இனம், விதையிலிருந்து வந்ததா பதியமா, பதியம் என்றால் தாய்க் கொத்து கடைசியாக எந்த ஆண்டு விதையிலிருந்து முளைத்தது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத நாற்றை வாங்காதீர்கள்.

ஏன் இத்தனை ஆண்டு காத்திருந்து ஒன்றாகப் பூக்கிறது என்பது இன்னும் முழுக்கத் தீராத கேள்வி. 1976இல் டேனியல் ஜான்சன் என்ற சூழலியலாளர் சொன்ன விளக்கம் பெரிதும் ஏற்கப்படுகிறது: எலி, பறவை, பன்றி எல்லாம் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே சமயத்தில் விதையைக் கொட்டினால், மிஞ்சுவது முளைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்த மூங்கிலின் விதைகள் தின்னப்பட்டு அழிந்திருக்கும், சேர்ந்து பூத்தவை பிழைத்திருக்கும் என்பது வாதம். எனக்கும் இது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் செடிக்குள் ஆண்டுகளை எண்ணும் அந்த ஏற்பாடு எது என்பதை யாரும் உறுதியாகக் காட்டிவிடவில்லை. இந்தக் கொட்டலின் மறுபக்கத்தை மிசோரம் அறியும். அங்கே மெலோகன்னா என்ற வேறொரு மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. விழும் காய்களைத் தின்று எலிகள் பெருகி, காய் தீர்ந்ததும் வயல்களில் இறங்குகின்றன. 1958–59இல் வந்த மௌதாம் பஞ்சமும் அதில் அரசின் மெத்தனமும் சேர்ந்து எழுப்பிய கோபத்திலிருந்துதான் மிசோ தேசிய முன்னணி பிறந்தது, 1966இல் ஆயுதக் கிளர்ச்சியும் வெடித்தது, 1986இல்தான் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு புல் பூத்ததற்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது. அடுத்த பூப்பு 2006–2008இல் வந்தபோது அரசு முன்கூட்டியே தயாரானது, ஆனாலும் பயிர்ச் சேதம் இருந்தது.

அப்படியானால் கடைக்கு வரும் மூங்கில் அரிசி எங்கிருந்து வருகிறது? காட்டிலிருந்து. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைந்தவை என்று புறநானூற்றில் கபிலர் வரிசைப்படுத்துவதில் முதலில் வருவது மூங்கில் நெல்தான். இன்றும் அது உழாமல் கிடைப்பதுதான். வயநாட்டிலும் நீலகிரியிலும் காட்டுநாயக்கர், பணியர், குறும்பர் போன்ற மக்கள், கொத்து பூத்திருப்பதைக் கண்டால் அதன் அடியைச் சுத்தமாகப் பெருக்கி வைத்து, கோடையில் மணி உதிர உதிரக் கூட்டி அள்ளுகிறார்கள். முள்ளுக்கடியில் குனிந்து பெருக்கி, மண்ணும் கல்லும் போகப் புடைத்து, உலர்த்தி, உரலில் குத்தி உமி நீக்குவது பெரும்பாடு. யானை வரும் இடங்களில் உயிருக்கும் ஆபத்து. அந்த விலை இந்த உழைப்புக்கானது. குறைத்துக் கேட்கக் கூடாது. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருளில் சேர்த்து, அதைச் சேகரிக்கும் உரிமையைக் காட்டில் வாழும் பழங்குடிகளுக்கும் மரபு வழியாக அங்கே வாழ்ந்துவரும் பிறருக்கும் தருகிறது. நீங்களோ நானோ காப்புக் காட்டுக்குள் போய்ப் பெருக்கி வர முடியாது. பட்டா நிலத்து மூங்கில் கதை வேறு: 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் காட்டோரத்து நிலம் என்பதால் கழியை வண்டியில் ஏற்றும் முன் உங்கள் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பிடுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் போலியைக் கவனியுங்கள். உண்மையான முள் மூங்கில் அரிசி பளிச்சென்ற பச்சையாக இருக்காது. மங்கிய பழுப்பு, சற்றே செம்மை, சில மணிகளில் லேசான பச்சைச் சாயல் என்று கலந்திருக்கும். மணி நெல்லரிசியை விடக் கோதுமையைத்தான் ஒத்திருக்கும், ஒரு பக்கம் நீளவாக்கில் பள்ளம் ஓடும். ஒரே சீரான பச்சை நிறத்தில், குட்டையாகப் பளபளப்பாக இருப்பது பெரும்பாலும் நெல்லரிசிக்கு நிறம் ஏற்றியது. ஒரு பிடியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் நிறம் இறங்கும். சாயம் இறங்காத போலியும் இருக்கலாம், எனவே பள்ளத்தைத் தேடுங்கள், அதுதான் நல்ல அடையாளம். எல்லா மாதமும், எல்லாக் கடையிலும், மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது என்றால் அதுவே சந்தேகத்துக்கு இடம். சமைப்பது கடினமில்லை. இரவே ஊறவைத்தால் காலையில் நெல்லரிசியை விடச் சற்றுக் கூடுதல் நேரத்தில் வேகும். வெந்த பிறகும் கொஞ்சம் கடிபடும். லேசான இனிப்பு உண்டு. சாதமாக வடிப்பதை விடக் கஞ்சிக்கும் பாயசத்துக்கும் பொருந்தும், மாவாக்கினால் புட்டுக்கும் நன்றாக வரும். பழைய மணியில் வண்டும் பூஞ்சையும் எளிதாக வரும். மக்கு வாடை அடித்தால் கழுவிச் சமாளிக்கலாம் என்று நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.

சர்க்கரை நோய் பற்றி. மூங்கில் அரிசி ஒரு தானியம், அதன் பெரும்பகுதி மாவுச்சத்து. தீட்டிய நெல்லரிசியை விடப் புரதம் சற்று அதிகம், தவிடு நீங்காமல் சாப்பிடுவதால் நார்ச்சத்தும் கிடைக்கிறது. இவ்வளவு வரை உறுதி. இதனால் வெள்ளை அரிசிக்குப் பதிலாக எப்போதாவது சாப்பிடுவதில் நன்மை இருக்கலாம். ஆனால் சர்க்கரையைக் குறைக்கும், மூட்டு வலி போகும், குழந்தைப்பேறு தரும் என்று பரவும் செய்திகளுக்கு மனிதர்களிடம் நடந்த நம்பகமான ஆய்வுகள் துணை நிற்கவில்லை. குழந்தைப்பேறு என்ற நம்பிக்கையை ஆதரிப்பவர்கள் மூங்கில் பூக்கும்போது எலிகள் பெருகுவதைச் சான்றாகக் காட்டுவார்கள். வயிறு நிறைய உணவு கிடைத்தால் எலி எதைத் தின்றாலும் பெருகும். அதற்கு மூங்கிலில் தனி மருந்து இருக்க வேண்டியதில்லை. மாவுச்சத்து உடம்பில் சர்க்கரையாகத்தான் மாறும், ஆகவே உங்கள் வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அளவைக் குறைத்தே சாப்பிடட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம். நான் மருத்துவன் அல்ல. இதில் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

இனி அந்த ஒரு ஏக்கருக்கு வருவோம். மூங்கிலில் ஆண்டுதோறும் உண்ணக் கிடைப்பது குருத்து. மழைக்காலத்தில், நம் மலைப் பக்கம் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை, கிழங்கிலிருந்து கூம்பாக மேலே வரும். நீலகிரியிலும் கூடலூர்ப் பக்கமும் அதைக் கறியாகவும் ஊறுகாயாகவும் செய்து சாப்பிடுகிறார்கள். ஈர மண்ணும் பாசன வசதியும் உள்ள இடமென்றால் குருத்துக்கென்றே பல வெப்பமண்டல நாடுகளில் பயிரிடும் டென்ட்ரோகலமஸ் ஆஸ்பர் என்ற மூங்கில் நல்ல தேர்வு, கசப்பும் குறைவு. மானாவாரி நிலம் என்றால் கல் மூங்கில்தான் தாங்கும். அதன் குருத்து சிறியது, ஆனால் கழி கெட்டியாக வரும். முள் மூங்கிலை வேலியாக ஓரத்தில் வைக்கலாம், தோப்பாக வைக்க வேண்டாம். பத்து வருடத்தில் உள்ளே நுழைய முடியாத முட்கோட்டையாகிவிடும். நம் மூங்கில்கள் கொத்தாக வளர்பவை, நிலத்துக்கடியில் நெடுந்தூரம் ஓடி முளைப்பவை அல்ல, ஆகவே பக்கத்து வயலை ஆக்கிரமிக்கும் என்ற பயம் வேண்டாம். இருந்தாலும் வீட்டுச் சுவரையும் கிணற்றையும் விட்டு நன்றாகத் தள்ளி வையுங்கள். ஐந்து மீட்டருக்கு ஒன்று என்றால் ஏக்கருக்குச் சுமார் 160 கன்று. தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது, கிழங்கு அழுகிவிடும்.

முதல் மூன்று வருடம் எதையும் வெட்டாதீர்கள். அந்த வருடங்களில் மூங்கில் கிழங்கைத்தான் கட்டுகிறது, ஒவ்வொரு மழைக்கும் முந்தைய வருடத்தை விடத் தடித்த கழி வரும். நான்காம் வருடம் முதல் குருத்து எடுக்கலாம். ஆனால் வரும் குருத்தையெல்லாம் எடுத்துவிட்டால் கொத்து மெலிந்து போகும், நல்ல தடிப்புள்ளவற்றில் பாதியையாவது கழியாக விட வேண்டும். ஓரடி உயரத்துக்குள், மேல் உறை இறுக மூடியிருக்கும்போதே தோண்டி அடியில் வெட்டுங்கள். தாமதித்தால் நார் ஏறிவிடும். உறையில் உள்ள கரும் மயிர்கள் தோலில் குத்தி அரிக்கும், கையுறை போடுங்கள். கழி வெட்டும்போது மூன்று வயது தாண்டியவற்றை மட்டும், மழை நின்று குளிர் தொடங்கிய பிறகு வெட்டுங்கள். அப்போது கழியில் மாவுச்சத்து குறைவாக இருப்பதால் அதைத் துளைத்துப் பொடியாக்கும் வண்டு குறைவாக வரும். முதிர்ந்த கழி நடுவிலும் இளசு ஓரத்திலும் இருக்கும் என்பதால் ஒரு பக்கம் வழி திறந்து, குதிரை லாட வடிவில் உள்ளே போய் எடுப்பது வழக்கம். தரையை ஒட்டிய கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் குழலில் மழைநீர் தேங்காது.

குருத்தைச் சமைப்பதில் ஒரு எச்சரிக்கையை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். பச்சைக் குருத்தில் டாக்சிஃபிலின் என்ற பொருள் இருக்கிறது. நறுக்கும்போதும் மெல்லும்போதும் அது உடைந்து சயனைடு வெளிவரும். மரவள்ளியில் இருக்கும் ஆபத்துக்கு உறவான ஆபத்து இது. நல்ல வேளையாக டாக்சிஃபிலின் கொதிநீரில் எளிதில் சிதையும், வெளிவரும் நஞ்சு ஆவியோடு போய்விடும். ஆகவே உறையை உரித்து, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் நன்றாகக் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசப்பு இருந்தால் புதுத் தண்ணீரில் மறுபடி வேகவையுங்கள். முனைப் பகுதியில் நஞ்சு அதிகம் என்பதால் அதைத் தனிக் கவனத்தோடு வேகவைக்க வேண்டும். மூடிய குக்கரில் நேராகக் குழம்போடு போடுவது வேண்டவே வேண்டாம். ஆடு மாடுகளையும் குருத்துக்கு விடாதீர்கள்.

கடைசியாக, பக்கத்துத் தோட்டத்துக் கொத்து. அது முள் மூங்கில் என்றால், மணி பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: சில கதிர்களை உள்ளங்கையில் கசக்கி ஊதினால் கனமான மணி தங்க வேண்டும். இருந்தால், உரிமையாளர் சம்மதத்தோடு அடியைப் பெருக்கித் துணி விரித்துச் சேகரியுங்கள். ஒரு பங்கைச் சமைத்துப் பாருங்கள், ஒரு பங்கை விதைக்கு வையுங்கள். மூங்கில் விதை சாதாரண அறையில் சில மாதங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும், எனவே அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்க முடியாது. மேட்டுப்பாத்தியில் ஆழமில்லாமல் விதைத்து, நிழல் வலை போட்டு, எலியும் எறும்பும் அண்டாமல் பார்த்துக்கொண்டால் ஓரிரு வாரத்தில் நெல் நாற்று மாதிரியே முளைக்கும். இரண்டு மூன்று இலை விட்டதும் பைக்கு மாற்றி, ஒரு வருடம் வளர்த்து, மழை தொடங்கும்போது நடலாம். நடும் ஒவ்வொரு கன்றுக்கும் இனத்தையும் விதைத்த ஆண்டையும் எழுதி நிலப் பத்திரத்தோடு வையுங்கள்; பிறகு யாராவது அதிலிருந்து பதியம் கேட்டால், நாற்று விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய அந்த மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும். காய்ந்து நிற்கும் தாய்க் கொத்தை மட்டும் அடுத்த கோடைக்குள் வெட்டி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். காட்டோரத்தில் காய்ந்த மூங்கில் தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம்.

அது எந்த இனம் என்று நான் இங்கிருந்தே சொல்ல முடியாது. பூவையும் இலையையும் மட்டும் வைத்துச் சொல்வது தவறாகப் போகும். கழியைச் சுற்றியிருக்கும் உறை ஒன்று அடியில் விழுந்து கிடந்தால் அதன் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும், ஒரு கழியின் குறுக்கு வெட்டையும் படமெடுத்துப் போடுங்கள். அப்போதும் சந்தேகம் இருந்தால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்திலோ மாதிரியை நேரில் காட்டிக் கேட்கலாம்.